ஒரு நல்ல அவசரம்

அக்டோபர் பிறந்துவிட்டால் சிவகாசியில் எங்கள் அச்சகத்தில் எல்லோர் வாயிலும் ஒரே வார்த்தைதான் வரும். அவசரம். புது வருஷக் காலண்டர் ஆர்டர்கள் வந்து குவிந்திருக்கும். பிளேட் அவசரம், பேப்பர் அவசரம், டீ குடிப்பதுகூட அவசரம். அப்படிப்பட்ட ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் வாட்ச்மேன் தங்கையா அண்ணன் என் மேசைக்கு வந்தார்.

"எஸ்தரு, திருவனந்தபுரத்துல இருந்து உனக்கு போன் வந்துச்சு. உன் சிநேகிதி கோமதியாம். நல்ல அவசரமாம். ஒடனே கெளம்பி வரணுமாம்."

"அழுதாளாண்ணே?"

"அழுத மாதிரி இல்ல. ஆனா பேசும்போது மூச்சு வாங்குச்சு."

எனக்கு அது போதும். மேனேஜரிடம் போய், சிநேகிதிக்கு உடம்பு ரொம்ப முடியவில்லை என்று லீவு கேட்டேன். காலண்டர் சீசனில் லீவு கேட்பவளை அவர் எப்படிப் பார்ப்பாரோ அப்படித்தான் பார்த்தார். "திங்கட்கிழமை காலையில சீட்ல இருக்கணும்" என்றார். போகிற வழியில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஆரஞ்சுப் பழங்களும் வாங்கிக்கொண்டேன். நோயாளியைப் பார்க்கப் போகிறவர்கள் வெறுங்கையோடு போகக்கூடாது என்று என் அண்ணி எப்போதும் சொல்வாள்.

கோமு என்று நான் கூப்பிடும் கோமதியை எனக்கு மதுரையில் ஒரு கோடைகாலப் பயிற்சியில் தெரியும். பள்ளிக்கூட ஓவிய ஆசிரியர் ஆவதற்கான பயிற்சி அது. ஹாஸ்டலில் என் பாய்க்குப் பக்கத்துப் பாய் அவளுடையது. அவள் குடும்பம் தலைமுறை தலைமுறையாகத் திருவனந்தபுரத்துக் கரமனையில் இருக்கும் தமிழ்க் குடும்பம். அவள் பேசுவது பாதி பழைய அக்ரஹாரத் தமிழ், பாதி மலையாளம். அந்த அறையில் அவள் பேச்சை மற்றவர்களுக்கு விளக்கிச் சொல்லும் உத்தியோகம் எனக்குத்தான் வாய்த்தது. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

பயிற்சியில் சேரும்போது ஒரு சீட்டில் கையெழுத்து வாங்கினார்கள். ஓவியமா, தையலா, சங்கீதமா, ஏதாவது ஒன்றுக்கு நேராக டிக் போடச் சொன்னார்கள். நானும் அவளும் மூன்றுக்கும் டிக் போட்டுத் திட்டு வாங்கினோம். சிநேகம் அங்கேதான் ஆரம்பித்தது. பிறகு ஆசிரியர் வேலை இருவருக்குமே கிடைக்கவில்லை. நான் அச்சகத்தின் ஆர்ட் செக்‌ஷனுக்கு வந்துவிட்டேன். சாமி படம் வரைவதற்குப் பெரிய ஆர்ட்டிஸ்ட்டுகள் இருக்கிறார்கள். தேதிக் கட்டத்தைச் சுற்றி ஓடும் பூங்கொடி மட்டும் என் பொறுப்பு. சாயந்திரம் கோயில் பாடகர் குழுவில் பாடுவேன். வீட்டுக்கு வந்தால் துணிப் பொம்மை தைப்பேன். கிறிஸ்துமஸ் நாடகம் எழுதித் தருவேன். எல்லாவற்றையும் ஒருசேரச் செய்ய ஆசைப்படுகிறவளை உலகம் ஒரு வியாதிக்காரியைப் போல நடத்துகிறது. பாட்டு வாத்தியார் படத்தை விடச் சொல்வார். ஆர்ட் செக்‌ஷனில் பாட்டை நிறுத்தச் சொல்வார்கள். அண்ணி எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் தூங்கச் சொல்வாள்.

சனிக்கிழமை காலை தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கினேன். மழை பெய்து ஓய்ந்திருந்தது. பஸ் போர்டெல்லாம் மலையாளத்தில். சில எழுத்துகள் நம் எழுத்தின் சொந்தக்காரர்கள் மாதிரி தெரிந்தாலும், கிட்டே போய்ப் பார்த்தால் யாரோ மாதிரி இருந்தன. "கரமனை பஸ் எது?" என்று ஓர் அம்மாளிடம் கேட்டேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஆரஞ்சையும் ஹார்லிக்ஸையும் பார்த்தாள். "வா மோளே" என்று கையைப் பிடித்து ஒரு பஸ்ஸில் ஏற்றிப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள். எந்த வார்டு, என்ன வியாதி, ஆபரேஷன் முடிந்ததா என்றெல்லாம் அவள் கேட்பது அரைகுறையாகப் புரிந்தது. கண்ணில் நீர் கட்ட நானும் தலையாட்டினேன். கடைசியில் மெடிக்கல் காலேஜ் வாசலில் இறக்கிவிட்டாள். ஆரஞ்சும் ஹார்லிக்ஸும் கையிலிருந்தால் இந்த ஊரில் வேறு எங்கேயும் போக விடமாட்டார்கள் போலிருக்கிறது. வந்த வழியே திரும்பி, இன்னொரு பஸ் மாறி, கரமனை போய்ச் சேர்வதற்குள் ஆரஞ்சில் இரண்டு நசுங்கிவிட்டன.

கதவைத் திறந்தது கோமுவேதான். முழங்கை வரைக்கும் பச்சை பெயின்ட்.

"வந்துட்டியாடீ! இதென்னது, ஹார்லிக்ஸ்?"

"உனக்கு என்ன செய்யுது கோமு? எழுந்து நடக்கலாமா?"

"எனக்கென்ன? குத்துக்கல்லாட்டம் இருக்கேன். ஒரு கேடும் இல்லை."

"அவசரம்னு போன் பண்ணினியே!"

"ஆமா, அவசரம்தான். இத்தனை நல்ல அவசரம் இனி ஜென்மத்துல கிட்டாது. அதான் ஓடி வான்னேன்."

நான் வாசலிலேயே நின்றேன். அவள் என்னையும் பாட்டிலையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு அவளுக்கு விளங்கிவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்தாள். "ஐயோ, சான்ஸ்டி, சான்ஸ்! இங்க அவசரம்னா அதாக்கும். உங்க ஊர்ல அவசரம்னா ஆம்புலன்ஸா?" சிரிப்புக்கு நடுவில் திக்கித் திக்கிச் சொன்னாள். மலையாளத்தில் அவசரம் என்றால் வாய்ப்பு. கரமனைத் தமிழிலும் அதுவே புழங்குகிறது. எனக்குக் கோபம் வந்தது. ராத்திரி முழுக்க பஸ்ஸில் அவளுக்காக ஜெபம் பண்ணிக்கொண்டு வந்திருக்கிறேன். ஆனால் அவள் சிரிப்பதைப் பார்த்தால் யாருக்கும் கோபம் நிற்காது. அந்த ஹார்லிக்ஸை அன்றைக்கே உடைத்து இரண்டு பேரும் குடித்தோம்.

தெருமுனை வீட்டு ராதா சேச்சி, வந்தவள் யார் என்று பார்க்கப் பால் விடாத கட்டன் சாயாவோடு வந்தாள். கனத்த உடம்பு, முழங்கால் வலி. அந்தப் பக்கத்தில் போன் இருப்பது அவள் வீட்டில்தான். தமிழ் சினிமா நிறையப் பார்ப்பவள் என்பதால் தனக்குத் தமிழ் நன்றாகத் தெரியும் என்று சொன்னாள். "கொஞ்சம் கொஞ்சம்" என்று கோமு திருத்தினாள்.

வாய்ப்பு என்ன என்பதைச் சாப்பாட்டுக்கு நடுவில்தான் கோமு சொன்னாள். கையில் மாட்டி ஆட்டும் துணிப் பொம்மைகளை வைத்துக் குழந்தைகளுக்கு அவள் நாடகம் போடுகிறாள். கூட இருந்தவள் கல்யாணம் ஆகி வளைகுடாவுக்குப் போய்விட்டாள். இப்போது ஒரு பள்ளிக்கூடம், வருஷம் முழுக்க வாரா வாரம் நாடகம் போடவும் பிள்ளைகளுக்குப் பொம்மை செய்யக் கற்றுத்தரவும் இரண்டு பேரை வேலைக்கு எடுக்கிறது. ஞாயிற்றுக்கிழமை நாடகத்தை நேரில் பார்ப்பார்கள். திங்கள் சாயந்திரத்துக்குள் இரண்டாவது ஆள் யார் என்று கோமு பெயர் சொல்லவேண்டும்.

"பொம்மை முகம் வரையணும், உடுப்புத் தைக்கணும், பாடணும், கதை கட்டணும். இத்தனையும் ஒரே ஆள் செய்யணும்னா எனக்கு வேற யாரு ஓர்மைக்கு வருவா? நெய்யாற்றின்கரையில ஒரு பொண்ணு இருக்கா, கேட்டுண்டே இருக்கா. நன்னாத் தைப்பா. பாட்டு வராது. நீ மாட்டேன்னா அவளுக்குத்தான் சொல்லணும். ஆனா ஒண்ணு. நான் ஒரு தடவைதான் கேப்பேன். ரெண்டாம் தடவை கேட்டு உன்னை வற்புறுத்த மாட்டேன்."

நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். இத்தனை வருஷமாக ஒன்றை விடு, ஒன்றை விடு என்று கேட்டுக் கேட்டுப் பழகிய காதில் 'இத்தனையும் ஒரே ஆள்' என்ற வார்த்தை புதிதாக விழுந்தது. தண்ணீர் கேட்டேன். ரோஸ் நிறத்தில் வெதுவெதுப்பாக ஏதோ வந்தது. "வெள்ளம்தான், குடி" என்றாள். பதிமுகக் கட்டை போட்டுக் காய்ச்சிய தண்ணீராம். எங்கள் ஊரில் வெள்ளம் என்றால் கண்மாய் உடைந்து தெருவுக்குள் வருவது. இங்கே டம்ளரில் வருகிறது.

மத்தியானம் ஆரியசாலைக் கடைத்தெருவுக்குப் போனோம். ஆமைப் பொம்மைக்கு ஓடு செய்யக் கெட்டித் துணி வேண்டும். ஒரு கடையில் குடைத்துணியும் சல்லடையும் கயிறும் ஒன்றாகத் தொங்கின. கடைக்காரர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். என் பேச்சைக் கேட்டதும் ஸ்டூலைத் தள்ளிப் போட்டார்.

"எந்தூரும்மா? சிவகாசியா! நம்ம பக்கம்லா! துணி எதுக்கு, தையல்காரியா நீ?"

"தைப்பேன். வரைவேன். பாடுவேன். கதையும் எழுதுவேன்."

"அப்பம் எல்லாத்துலயும் அரைகுறையாத்தான் இருப்பே."

சுருக்கென்றது. "நீங்க மட்டும் குடைத்துணியும் சல்லடையும் சேத்து விக்கிறீங்களே அண்ணாச்சி. ரெண்டும் அரைகுறையா?" என்றேன். அவர் ஒரு நிமிஷம் முழித்துவிட்டு, கல்லாவே அதிரும்படி சிரித்தார். துணியை அளக்கும்போது ஒரு சாண் தாராளமாக விட்டுக் கிழித்தார். போகும்போது, "பொழைச்சுக்குவ" என்றார்.

திரும்பும் வழியில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு ஹோட்டலில் ஒதுங்கினோம். போளியைப் பிய்த்துப் போட்டு அதன் மேல் பால் பாயசத்தை ஊற்றித் தந்தார்கள். போளியை நான் தனியாகத் தின்றிருக்கிறேன், பாயசத்தைத் தனியாகக் குடித்திருக்கிறேன். இரண்டையும் சேர்க்க இந்த ஊர்க்காரர்கள் யாரிடமும் அனுமதி கேட்டதாகத் தெரியவில்லை. இன்னொரு தடவை வாங்கித் தின்றேன்.

அன்று சாயந்திரம் அந்த வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து நான் ஆமைக்கு ஓடு தைத்தேன். தைத்த கையோடு கண்ணும் மூக்கும் வரைந்தேன். வரைந்துகொண்டே அதற்கு ஒரு பாட்டுக் கட்டினேன். பாட்டின் நடுவில் ஆமை ஏன் இவ்வளவு மெதுவாக நடக்கிறது என்பதற்குக் கதை தானாக வந்தது. எழுந்துபோய் வேறு இடத்தில், வேறு நேரத்தில், வேறு ஆட்களோடு எதையும் செய்ய வேண்டியிருக்கவில்லை. எல்லாம் ஒரே மடியில் நடந்தது. கோமு எதிரே உட்கார்ந்து கொக்குக்கு இறகு ஒட்டிக்கொண்டிருந்தாள். எனக்கு இந்த வாழ்க்கை வேண்டும் என்று தோன்றிய அளவுக்கு அதற்கு முன் எதுவும் தோன்றியதில்லை.

ஞாயிறு காலை பள்ளிக்கூட ஹாலில் நாடகம். முன் வரிசையில் ஹெட்மிஸ்ட்ரஸும் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் ஒரே குழந்தைக் கூட்டம். திரைக்குப் பின்னால் நானும் கோமுவும் முட்டி போட்டுக்கொண்டிருந்தோம். என் வசனங்களை எல்லாம் கோமு மலையாளத்தில் சொல்லிக்கொடுத்திருந்தாள். ஆற்றில் தண்ணீர் பெருக்கெடுக்கும் இடம் வந்ததும் பதற்றத்தில் அத்தனையும் மறந்துபோய், என் ஆமை நல்ல சிவகாசித் தமிழில் கத்தியது.

"வெள்ளம் வருது! வெள்ளம் வருது! எல்லாரும் ஓடுங்க!"

கூட்டத்திலிருந்து ஒரு சின்னக் குரல் பதிலுக்குக் கத்தியது. "பக்கெட் எடுக்கு ஆமே!" உடனே ஹாலே சேர்ந்துகொண்டது. பக்கெட், குடம், செம்பு! அவர்களுக்கு வெள்ளம் வருகிறது என்றால் குழாயில் தண்ணீர் வருகிறது என்று அர்த்தம். தண்ணீர் வந்தால் அம்மாக்கள் ஓடுவது பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டுதானே. கோமு சிரிப்பை அடக்கப் புடவைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் கிடந்த எவர்சில்வர் டம்ளரை ஆமையின் கையில் மாட்டி, திரைக்கு மேலே அனுப்பினேன். ஆமை மூச்சு வாங்க வந்து, குழாயடி வரிசையில் கொக்குக்குப் பின்னால் நின்று, முதல்நாள் கட்டிய பாட்டைப் பாடியது. குழந்தைகள் பெஞ்சு மேல் ஏறி நின்றார்கள்.

ஹெட்மிஸ்ட்ரஸ் வெளியே வந்து கோமுவிடம், "இந்த ஆமை வேண்டும்" என்று மலையாளத்தில் சொன்னார். அது எனக்கு மொழிபெயர்ப்பு இல்லாமலே புரிந்தது.

அங்கேயே சரி என்று சொல்லியிருக்கலாம். ஆனால் நான் இருப்பது அண்ணன் வீட்டில். அப்பா போனபின் என்னைத் தாங்கியவர்கள் அவனும் அண்ணியும். அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுத்தான் சம்மதம் தருவேன் என்றேன். கோமு தலையாட்டினாள். பஸ் ஏற்றிவிடும்போது கையில் இலைப் பொட்டலத்தில் போளி தந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. கேட்கமாட்டேன் என்றவள் ஆயிற்றே.

திங்கள் காலை அண்ணனிடம் சொன்னேன். ஒரு பெரிய சண்டைக்குத் தயாராகத்தான் பேச ஆரம்பித்தேன். அவன் ஷேவ் பண்ணிக்கொண்டே, "போயேன். இங்க கொடி வரைஞ்சு கொடி வரைஞ்சு நீ என்னத்தக் கண்ட?" என்றான். அண்ணி, "அங்க மழை ஜாஸ்தி, குடை எடுத்துக்கோ" என்றாள். அவ்வளவுதான்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடினேன். ராதா சேச்சிதான் எடுத்தாள். அந்தப் பக்கம் மழை. லைன் இரைந்துகொண்டிருந்தது.

"கோமு குளிக்கயா. ஞான் ஓடிப்போயி விளிக்கட்டே?"

முழங்கால் வலியோடு அவள் மழையில் ஓடுவது என் கண்முன் வந்தது. தவிரவும், இந்தச் சேதியை நின்று நிதானமாக, என் வாயால் கோமுவிடம் சொல்ல ஆசைப்பட்டேன். எனக்குப் பின்னால் வேறு ஆட்கள் நின்றிருந்தார்கள்.

"வேணாம் சேச்சி. அவசரம் வேண்டாம். நாலு மணிக்கு நானே கூப்பிடுறேன்னு சொல்லுங்க."

"எந்தா? அவசரம் வேண்டா?"

"ஆமா சேச்சி, அவசரம் வேண்டாம்."

"செரி... செரி மோளே" என்றாள். குரல் இறங்கிவிட்டது. மழையால் லைன் மங்குகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று மத்தியானம் கொடி வரைந்துகொண்டிருந்தபோது, டிசம்பர் மாதத்துக் கொடியில் ஓர் இலைக்கு அடியில் யாருக்கும் தெரியாமல் ஒரு குட்டி பக்கெட் வரைந்து வைத்தேன். வாய் தானாகப் பாடிக்கொண்டிருந்தது. நாலு மணிக்குப் போன் செய்தபோது கோமுவே எடுத்தாள்.

"பரவாயில்லைடீ" என்றாள், எடுத்த எடுப்பில். "எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. உனக்கும் அங்க வேலை, அண்ணா, மன்னி எல்லாம் இருக்காளே."

"என்ன பரவாயில்ல?"

"நீதான் அவசரம் வேண்டாம்னுட்டியே. சேச்சி வந்து சொன்னா. ரெண்டு தரம் கேட்டாளாமே. ரெண்டு தரமும் வேண்டாம்னியாமே. நாலு மணிக்குக் கூப்பிடறது சமாதானம் சொல்லத்தான்னு நெனைச்சேன்."

"அவசரமா?" என்றேன். அவளுக்கும் அந்த ஒரு வார்த்தையிலேயே விளங்கியிருக்க வேண்டும். "எஸ்தர், நீ... உங்க ஊர் அவசரத்தைச் சொன்னியா?" என்றாள். "ஆமா கோமு" என்றேன். சனிக்கிழமை வாசலில் அவளைத் தரையில் உட்காரவைத்த அதே வார்த்தை. இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

அவள் குளித்துவிட்டு வந்ததும் நேரே பள்ளிக்கூடத்துக்குப் போய் நெய்யாற்றின்கரைப் பெண்ணின் பெயரைக் கொடுத்துவிட்டு வந்திருந்தாள். "நான் இப்பவே போறேன். மாத்திச் சொல்லிட்டு வரேன். தப்பு நேர்ந்துடுத்துன்னு சொல்றேன்" என்று பரபரத்தாள்.

"அவகிட்ட சொல்லிட்டியா?"

"காலையிலேருந்து ஸ்கூல் வாசல்லயே காத்துண்டிருந்தா. இப்பத்தான் லட்டு கொண்டு வந்து தந்துட்டுப் போனா. அவ அம்மாவும் கூட வந்தா. கரைஞ்சா ரெண்டு பேரும்" என்றாள். கரைவது என்றால் அங்கே அழுவது. அதை மட்டும் எனக்குச் சரியாகத் தெரிந்திருந்தது.

"விடு கோமு" என்றேன். அதைச் சொல்ல எனக்கு மனசே இல்லை.

அதற்குப் பிறகு எத்தனையோ முறை பேசிக்கொண்டோம். அந்தப் பெண் நல்ல பெண்ணாம். பாட்டும் கொஞ்சம் கொஞ்சம் வர ஆரம்பித்துவிட்டதாம். ஆமை இப்போதும் டம்ளரைத் தூக்கிக்கொண்டு குழாயடி வரிசையில் வந்து நிற்கிறதாம். குழந்தைகள் அந்த இடத்துக்காகவே காத்திருக்கிறார்களாம். கோமு இதையெல்லாம் சந்தோஷமாகத்தான் சொல்கிறாள், நானும் சந்தோஷமாகத்தான் கேட்டுக்கொள்கிறேன். போனை வைத்தபின் கொஞ்ச நேரம் எனக்கு வேலை ஓடாது. அந்த ஆமை இப்போது யார் குரலில் பாடுகிறது என்று நினைத்துக்கொண்டிருப்பேன்.

நான் இன்னும் கொடிதான் வரைகிறேன். சாயந்திரம் பாட்டு, வீட்டில் தையல், டிசம்பரில் நாடகம், எல்லாம் பழையபடி தனித்தனியாக நடக்கின்றன. அக்டோபர் வந்துவிட்டால் அச்சகத்தில் யாராவது ஒருவர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, "அவசரம்! அவசரம்!" என்று கத்துவார். மற்றவர்கள் குனிந்து வேகமாக வேலை பார்ப்பார்கள். நான் மட்டும் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு, ஒரு நொடி, கரமனைக் காதோடு நிமிர்ந்து பார்ப்பேன்.